ஆய்வகத்துக்கு எஸ்.எஸ். கேபினெட் வாங்குமுன்: 304-ஆ 316-ஆ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

கேட்டிருப்பது மூன்று விஷயம். புதிதாக அமைக்கும் ஆய்வகத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) ரசாயனக் கேபினெட் வாங்க வேண்டும்; ஸ்டீல் ரகங்களில் 304 போதுமா, 316-க்குப் போக வேண்டுமா என்பது ஒன்று. ஆசிட், சால்வென்ட், உப்புக் கரைசல்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய கேபினெட்டில் தட்டு தட்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டு. பக்கவாட்டில் மூடி போட்ட துளைகள் இருக்கின்றனவே, அவற்றில் எக்ஸாஸ்ட் இணைக்க வேண்டுமா என்பது மூன்று. "316 எடுத்துவிட்டால் உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று சப்ளையர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தப்பு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு குரோமியம் ஆக்ஸைடு படலம் தானாகவே படியும். தடிமன் சில நானோமீட்டர்தான். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். இந்தப் படலம் இருக்கும்வரை அடியிலுள்ள இரும்பு பத்திரமாக இருக்கும். இதற்குப் பரம எதிரி குளோரைடு. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே இறங்கும். அந்தச் சின்னக் குழிக்குள் ஆக்ஸிஜன் போதாது, அமிலத்தன்மையும் ஏறிக்கொண்டே போகும். அதனால் படலம் மறுபடி மூட வழியில்லை. மேலே பார்த்தால் ஊசி குத்தின அளவு, உள்ளே குடைந்துகொண்டே போகும்.

304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் நிக்கல் கொஞ்சம் கூடுதல், அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இந்த மாலிப்டினமும் கூடுதல் நிக்கலும்தான். குளோரைடைத் தாங்கும் சக்தியைக் கூட்டுவது மாலிப்டினம். உப்புக் காற்று அடிக்கும் இடம், குளோரின் கலந்த நீரால் அடிக்கடி துடைக்கும் அறை, உப்புக் கரைசல் சிந்துகிற மேசை, இங்கெல்லாம் 304-இல் பழுப்புக் கறை வரும், 316 தாக்குப்பிடிக்கும். ஆனால் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலிலிருந்து கசியும் ஆவிக்கு முன்னால் இரண்டுமே தோற்றுப்போகும். 316 கொஞ்சம் தாமதமாகத் தோற்கும், அவ்வளவுதான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்துப் பழகிய எந்த எஸ்.எஸ். அலமாரியையாவது திறந்து பாருங்கள். பாட்டில் நின்ற இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் நிறம் போய்விடும், சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். அதே இடத்தில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளையம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழிகள். அப்படியே கண்ணை உயர்த்தினால், பாட்டிலுக்கு நேர் மேலே இருக்கிற தட்டின் அடிப்பக்கம் இன்னும் மோசமாக இருக்கும். மூடியின் மரை வழியாக ஏறும் ஆவி போய்ப் படிவது அங்கேதான், அதைத் துடைக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஆகவே முதல் வேலை ஸ்டீல் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது இல்லை. ஒரு தாளில் உங்கள் ஆய்வகத்தில் இருக்கப்போகும் ரசாயனங்களை, அளவோடும் செறிவோடும் எழுதுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் மீதி முடிவுகள் தாமாக வந்துவிடும்.

எஸ்.எஸ். கேபினெட்டோடு ஒத்துப்போகிறவை எவை என்று பார்ப்போம். எத்தனால், மெத்தனால், அசிட்டோன், ஹெக்ஸேன், டொலுவீன் போன்ற சால்வென்ட்கள் ஸ்டீலை ஒன்றும் செய்யாது. நைட்ரிக் அமிலம் பலருக்கும் ஆச்சரியம் தரும்: 304-க்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, ஆக்ஸிஜனேற்றி என்பதால் அந்தப் படலத்துக்கு அது துணையாகவே இருக்கும். நைட்ரிக் அமிலத் தொட்டிகளே இந்த ரக ஸ்டீலில்தான் செய்கிறார்கள். அசிட்டிக், பாஸ்பாரிக் அமிலங்கள் அறை வெப்பத்தில் பிரச்சினை தராது. சோடியம் ஹைட்ராக்ஸைடும் அப்படியே.

கந்தக அமிலம் கொஞ்சம் தந்திரமானது. 98 சதவீதச் செறிவில், அறை வெப்பத்தில், ஸ்டீலை அது அவ்வளவாகத் தாக்காது, ஆவியும் கிளம்பாது. அதனால் "கான்சென்ட்ரேட்டட் ஆசிட்டே ஒன்றும் பண்ணவில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் பாட்டில் வாயிலிருந்து வழிந்த ஒரு சொட்டு அடித்தட்டில் கிடந்தால், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். அந்த நடுத்தரச் செறிவுதான் 304-ஐ அரிக்கும். செறிவான அமிலம் விட்டுவைத்ததை நீர்த்த அமிலம் முடித்துவிடும்.

ஒத்துவராதவை: ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம், புரோமின், அயோடின் கரைசல், சோடியம் ஹைப்போகுளோரைட், ஃபெரிக் குளோரைடு. இந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். ஸ்டீலில் எவ்வளவு எளிதாகக் குழி விழும் என்று சோதிக்க வேண்டுமானால் பொருளியல் ஆய்வகங்கள் எடுப்பதே ஃபெரிக் குளோரைடு கரைசலைத்தான். அதையே கொண்டுபோய் எஸ்.எஸ். தட்டில் வைப்பது வேண்டாத வேலை. அமிலமே இல்லாத சாதாரண சோடியம் குளோரைடு கரைசல்கூட, சிந்திக் காய்ந்து உப்பாகக் கிடந்தால், ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் அங்கே தன் வேலையைக் காட்டும். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் போன்ற குளோரின் ஏறிய சால்வென்ட்கள் உலர்ந்த நிலையில் ஸ்டீலுக்குச் சாது. ஈரமும் வெளிச்சமும் காலமும் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகலாம், எனவே மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

ஒத்துவராத இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குச் சரியான இடம் பாலிப்ரொப்பிலீன் கேபினெட் (எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கலாம் என்று பொருள் இல்லை, அது பின்னால் வருகிறது). முழுக்க பிளாஸ்டிக் வெல்டிங்கில் செய்தது, கீலும் திருகும்கூட பிளாஸ்டிக்காகவோ பிளாஸ்டிக் உறை போட்டதாகவோ இருக்க வேண்டும். பார்க்க ஸ்டீல் மாதிரி கம்பீரமாக இருக்காதுதான், ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பொறுத்தவரை அது 316-ஐவிட எத்தனையோ மடங்கு மேல், விலையும் பெரும்பாலும் குறைவு.

இப்போது தீ. இங்கேதான் பணம் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. "ஸ்டீல் பெட்டி, தீப்பிடிக்காது" என்று நினைத்து, ஒற்றைத் தகட்டில் செய்த அழகான எஸ்.எஸ். அலமாரியில் சால்வென்ட்களை அடுக்கிவிடுகிறார்கள். ஸ்டீல் எரியாது, சரி. ஆனால் வெளியே தீ எரிந்தால் ஒரு மில்லிமீட்டர் தகடு அந்தச் சூட்டை உடனே உள்ளே கொடுத்துவிடும். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், டைஎத்தில் ஈதர் 35 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் கொதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீப்பற்றும் திரவங்களுக்கான கேபினெட் பாதுகாப்பைத் தருவது அதன் கட்டுமானத்தால். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி உலோகக் கேபினெட்டுக்குக் கேட்பது இவை: 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ.) தகட்டில் இரட்டைச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. காற்று இடைவெளி, மூன்று இடத்தில் பிடிக்கும் தாழ்ப்பாள், அடித்தளத்திலிருந்து 2 அங்குலமாவது உயர்ந்த கதவு நிலை. 10 நிமிடத் தீச்சோதனையில் உள்வெப்பம் 163 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இதே விதி ஒரு அங்குலக் கனமுள்ள ப்ளைவுட் கேபினெட்டையும் ஏற்றுக்கொள்கிறது. மரம் கரியாகிக் கரியாகி மெதுவாகத்தான் வெப்பத்தை உள்ளே விடும் என்பதால். ஒற்றைத் தகட்டு எஸ்.எஸ். அலமாரியை ஏற்காத விதி மரப்பெட்டியை ஏற்கிறது என்பதை சப்ளையரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

ஐரோப்பாவின் ஈ.என். 14470-1 என்ற தரநிலை இன்னும் கறாரானது. கேபினெட்களை 15, 30, 60, 90 என்று நிமிடக் கணக்கில் வகைப்படுத்துகிறது. அத்தனை நிமிடம் தீச்சோதனைக்குள் நின்று, உள்வெப்ப உயர்வு 180 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பலகை இருப்பதால் இந்த வகைக் கேபினெட்கள் யானைக்கனம் இருக்கும். தரை தாங்குமா, லிஃப்டில் ஏறுமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதித் தீயணைப்பு விதி எதைக் கேட்கிறதோ அதுதான் முதலில். அது ஒன்றும் சொல்லவில்லை என்றால், கட்டடத்தை விட்டு எல்லோரும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பல மாடிக் கட்டடம், வெளியேறும் வழி குறைவு என்றால் 90 நிமிட வகையைத்தான் நான் சொல்வேன். கார்பன் டைசல்ஃபைடு மாதிரி 100 டிகிரி அளவிலேயே தானாகத் தீப்பற்றுகிற திரவம் இருந்தால் 163 டிகிரி என்ற அந்த வரம்பே போதாது. அப்படிப்பட்டதைத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காமல் இருப்பதுதான் உருப்படியான வழி.

கொட்டேஷனில் "ஃபயர் ப்ரூஃப்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. எந்தத் தரநிலைப்படி, எத்தனை நிமிடம், எந்தச் சோதனைக்கூடத்தின் சான்றிதழ், சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் உங்களுக்கு வரப்போகும் மாடல் எண்ணும் ஒன்றா என்று கேளுங்கள். பவுடர் கோட்டிங் (சாதா இரும்பில் பொடி பெயிண்ட் பூசிய) மாடலுக்கு வாங்கிய சான்றிதழை எஸ்.எஸ். மாடலுக்கும் சேர்த்துக் காட்டுவது நடக்கிற விஷயம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே கேபினெட் கூடாது. தட்டு மாற்றி வைத்தால் பிரித்து வைத்ததாக ஆகாது, ஏனென்றால் மேல்தட்டில் உடைந்தது கீழ்த்தட்டுக்குத்தான் வழியும், ஆவிக்கோ தட்டே கிடையாது. நைட்ரிக் அமிலத்தையும் எத்தனாலையும் ஒரு கதவுக்குள் வைக்கக் கூடாது. நைட்ரிக் அமிலம் கரிமப் பொருள்களோடு சேர்ந்தால் சூடேறி, வாயு கிளம்பி, வெடிக்கவும் செய்யும். ஹைப்போகுளோரைட்டும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. சயனைடு உப்பை அமிலத்தின் அருகே வைக்கவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாவும் ஒரே கேபினெட்டில் இருந்தால் இரண்டின் ஆவியும் காற்றிலேயே சேர்ந்து, வெள்ளைப் பொடியாக எல்லா லேபிளிலும் எல்லாத் தட்டிலும் படியும். அந்தப் பொடி அம்மோனியம் குளோரைடு. அதாவது மறுபடியும் குளோரைடு, உங்கள் ஸ்டீல் முழுக்கத் தூவிவிட்ட மாதிரி.

பலரையும் குழப்புவது கிளேஷியல் அசிட்டிக் அமிலம், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம். பெயரில் அமிலம் இருப்பதால் நைட்ரிக் அமிலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் தீப்பற்று வெப்பநிலை (ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி ஒரு தீப்பொறி பட்டாலே பற்றும் வெப்பம்) சுமார் 39 டிகிரி செல்சியஸ். அது அமிலமும்தான், தீப்பற்றும் திரவமும்தான். சால்வென்ட் கேபினெட்டில், தனி பிளாஸ்டிக் ட்ரேக்குள் வைப்பதே முறை.

சராசரி ஆய்வகத்துக்கு என் கணக்கு இது: சால்வென்ட்களுக்குத் தீத்தாங்கும் கேபினெட் ஒன்று, அமிலங்களுக்கு பாலிப்ரொப்பிலீன் ஒன்று, அதில் நைட்ரிக்குக்கு அடைத்த தனி அறை. காரங்களுக்கும் அமோனியாவுக்கும் சின்னதாக இன்னொன்று. நச்சு உப்புகள் பூட்டுள்ள தனி அலமாரியில். இதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கத் தகுதி உள்ளது முதல் ஒன்றுதான், வேண்டுமானால் கடைசி ஒன்றும். அந்த முதல் கேபினெட்டும் எஸ்.எஸ்.ஆகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டால், சாதாரண வேதியியல் ஆய்வகத்தில் அவசியமில்லை. சான்றிதழ் உள்ள நல்ல பவுடர் கோட்டிங் கேபினெட் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

எஸ்.எஸ். தன் விலையை நியாயப்படுத்தும் இடங்கள் உண்டு. மருந்துத் தயாரிப்பு, நுண்ணுயிரியல், தூய்மை அறைகள் முதலியவை. அங்கே தினம் ஆல்கஹாலோ ஹைட்ரஜன் பெராக்ஸைடோ வைத்துத் துடைப்பார்கள், பெயிண்ட் உரிந்து துகள் விழுவதை அனுமதிக்க மாட்டார்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் அறை இன்னொன்று. பவுடர் கோட்டிங்கில் ட்ராலி இடித்து ஒரு கீறல் விழுந்தால், ஈரமான அறையில் அங்கிருந்து துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவும், எஸ்.எஸ்.ஸில் கீறல் கீறலாகவே நிற்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு 304 பெரும்பாலும் போதும். கடல் காற்றோ, குளோரின் கிருமிநாசினியோ, உப்புக் கரைசல் வேலையோ இருந்தால் மட்டும் 316. வெல்டிங் அதிகமுள்ள கேபினெட் என்றால் கார்பன் குறைந்த 304 எல், 316 எல் ரகங்களைக் கேளுங்கள். வெல்டிங் ஓரங்களில் அரிப்பு வருவது குறையும்.

கேட்ட ரகம்தான் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அது பாதிதான் உண்மை. 430 ரகம் காந்தத்தில் நன்றாக ஒட்டும். அதில் நிக்கல் இல்லை, அரிப்பைத் தாங்கும் திறனும் குறைவு. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்யும் 201, 202 ரகங்கள் காந்தத்தில் ஒட்டாது. 304 என்ற பெயரில் இவை கைமாறினால் காந்தம் காட்டிக்கொடுக்காது. மறுபக்கம், அசல் 304-ஐ மடித்து வளைத்த ஓரத்தில் காந்தம் இலேசாகப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உறுதியான வழி, தகட்டின் ஹீட் எண்ணோடு (எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) கூடிய மில் டெஸ்ட் சர்டிஃபிகேட், அதாவது ஸ்டீல் ஆலை தரும் சோதனைச் சான்றிதழ் கேட்பது. அதோடு, சந்தேகம் வந்தால், கையடக்க எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவியால் இரண்டு மூன்று இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்வது. மாலிப்டினத்தையும் மாங்கனீஸையும் காட்டும் துளிச் சோதனைத் திரவங்களும் கிடைக்கின்றன, செலவு குறைவு.

தகட்டுத் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் தலைகீழ்: எண் ஏற ஏறத் தகடு மெலிதாகும். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. அளவு. கொட்டேஷனில் மி.மீ. கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும்போது கதவு விளிம்பில் வெர்னியரை வைக்காதீர்கள், அங்கே தகடு மடிந்து இரட்டையாக இருக்கும். தட்டு தாங்கியின் ஓரமோ பின்பக்கத் துளையின் ஓரமோ சரியான இடம்.

அடுத்து, எல்லோரும் விட்டுவிடுகிற இடத்துக்கு வருவோம். கதவைத் திறந்து கீல், திருகு, ரிவிட், தட்டு தாங்கும் கொக்கி, தாழ்ப்பாள் கம்பி, அதன் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பாருங்கள். உடம்பு முழுக்க 316, திருகு மட்டும் துத்தநாகப் பூச்சு போட்ட சாதா இரும்பு என்பது சகஜம். முதலில் துரு வருவது அங்கேதான். அந்தத் துரு வழிந்து பக்கத்துத் தகட்டிலும் கறையாக இறங்கும், "ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடிக்குதே" என்று பழி தகட்டின் மேல் விழும். மூன்று புள்ளித் தாழ்ப்பாள் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால் கதவு மூடினது போலத் தெரியும், மேல்முனை மட்டும் பிடித்திருக்காது. தீ நேரத்தில் அந்த இடைவெளிதான் திறக்கும்.

வெல்டிங் ஓரங்களில் நீலமும் பழுப்புமாக வண்ணம் தெரிந்தால் அதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். வெப்பத்தில் அந்த இடத்துப் படலம் கெட்டிருக்கும், அரிப்பு அங்கேதான் தொடங்கும். வேலை முடிந்த பின் அமிலத்தால் சுத்தம் செய்து பாஸிவேஷன் (அந்தப் படலத்தை மறுபடி படியவைக்கும் வேலை) செய்தார்களா என்று கேளுங்கள். நைட்ரிக்கோ சிட்ரிக்கோ, எதில் செய்தாலும் சரி. சாதா இரும்பு அறுத்த கிரைண்டரையே எஸ்.எஸ்.ஸிலும் வைத்தால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு சில வாரத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு தெரியும்.

தட்டுகளின் சுமையைக் கணக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும். கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, ஆகவே 2.5 லிட்டர் பாட்டில் ஒன்றில் அமிலம் மட்டும் 4.6 கிலோ. கண்ணாடியோடு சேர்த்தால் 5 கிலோவுக்கு மேல். பத்து பாட்டில் ஒரு வரிசை என்றால் 50 கிலோவைத் தாண்டிவிடும். குளோரோஃபார்ம் அதே பாட்டிலில் 3.7 கிலோ, எத்தனால் 2 கிலோதான். தட்டில் "35 கிலோ" என்று எழுதியிருந்தால் எத்தனால் பாட்டில் பத்து நிற்கும், குளோரோஃபார்ம் பத்து நிற்காது. கனமானதும் அரிப்பதும் கீழே, எதுவாக இருந்தாலும் கண் மட்டத்துக்கு மேல் திரவ பாட்டில் வேண்டாம். தட்டின் விளிம்பு நாலு பக்கமும் கொஞ்சம் தூக்கியிருந்தால் சிந்தினது கீழே ஓடாது. ஓட்டை போட்ட தட்டு காற்றோட்டத்துக்கு நல்லது என்பார்கள். மேல்தட்டில் கசிந்தால் கீழே உள்ள எல்லா லேபிளும் நனையும் என்பதைச் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு விளிம்புள்ள தட்டும் அதன்மேல் பாலிஎத்திலீன் ட்ரேயும்தான் பிடிக்கும். ட்ரேயைக் கழற்றிக் கழுவலாம், ஸ்டீலில் எதுவும் படாது.

அடியிலுள்ள கசிவுத் தொட்டிக்கு ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு எளிது: உள்ளே இருக்கும் மொத்த அளவில் 10 சதவீதம், அல்லது ஆகப் பெரிய பாட்டிலின் 110 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அது. கொள்ளளவையும் மொத்தமாகக் கட்டுப்படுத்த வேண்டும். ஓஷா கணக்கில், தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி வரை உள்ள திரவங்கள் ஒரு கேபினெட்டுக்கு 60 கேலன், சுமார் 227 லிட்டருக்கு மேல் கூடாது.

கதவு தானாக மூடுவதா, கையால் மூடுவதா? தானாக மூடுவதையே எடுங்கள். வேலை மும்முரத்தில் கதவைத் திறந்தபடி விட்டுப் போகாத ஆய்வகம் நான் அறிந்து கிடையாது. திறந்து நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால், அதைப் பிடித்திருக்கும் இணைப்பு சுமார் 74 டிகிரி செல்சியஸில் உருகிக் கதவை விட்டுவிடும் வகையாக இருக்க வேண்டும். கேபினெட்டை மட்டம் பார்த்து நிறுத்தாவிட்டால் கதவு பாதியில் நின்றுவிடும், கால் திருகுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெரிய டப்பாவிலிருந்து சால்வென்ட் ஊற்றும் பழக்கம் இருந்தால் எர்த்திங் இணைக்கும் போல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பராமரிப்புக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. மென்சோப்பு, தண்ணீர், உலர்ந்த துணி. துடைக்கும்போது பட்டையடித்த கோடுகளின் திசையிலேயே போங்கள். இரும்புக் கம்பி ஸ்கிரப்பர் வேண்டாம். குளோரின் கிருமிநாசினி போட்டே ஆகவேண்டும் என்றால் பத்து நிமிடத்துக்குப் பின் நல்ல தண்ணீரால் துடைத்து எடுத்துவிடுங்கள், காயவிடாதீர்கள்.

கடைசியாக அந்தத் துளைகள். தீயிலிருந்து காப்பதற்குக் காற்றோட்டம் தேவையில்லை, அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 30 தரநிலையும் அதைக் கட்டாயமாக்கவில்லை. இணைக்கவில்லை என்றால் துளைகளில் அவற்றுக்குரிய உலோக மூடி இருந்தாக வேண்டும். நாற்றம் தாங்கவில்லை, அல்லது நச்சு ஆவி உள்ள சால்வென்ட்கள் அதிகம் என்றால் இணைக்கலாம். இணைத்தால் முறையாக இணைக்க வேண்டும். சால்வென்ட் ஆவி காற்றைவிடக் கனம், அசிட்டோன் ஆவி இரண்டு மடங்கு. எனவே உறிஞ்சுவது கீழ்த்துளையில், புதுக்காற்று நுழைவது மேல்துளையில். குழாய் உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகிக் கேபினெட்டுக்கே வாசல் திறந்துவிடும். குழாய் கட்டடத்துக்கு வெளியே போய் முடிய வேண்டும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் இல்லை. ஃபேன் தீப்பொறி வராத வகையாக இருக்க வேண்டும். ஈ.என். 14470-1 கேட்பது மணிக்கு 10 முறை காற்று மாற்றம். பாலிப்ரொப்பிலீன் அமிலக் கேபினெட்டுக்கு நிலைமை வேறு: அதற்குக் காற்றோட்டம் கட்டாயம் கொடுங்கள், அதன் குழாய் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம், ஆனால் சால்வென்ட் குழாயோடு எந்த இடத்திலும் சேரக் கூடாது.

இன்னொன்று. சுவரோடு பிடித்து நிறுத்தவோ வயர் கொண்டுபோகவோ புதிதாக டிரில் போடாதீர்கள். ஒரு துளை விழுந்தாலும் அந்தச் சான்றிதழ் செல்லாது. இப்போதுள்ள மூடிகளில் ஏதாவது தொலைந்திருந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் தயாரிப்பாளரிடமே அதே மூடியைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள்.